பாலத்தடிக் குழி

சின்னவளுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இருந்தாலும் வீட்டில் அவள் சின்னவள்தான், அக்காள் பெரியவள். பெரியவளின் கணவர், அதாவது மாமா, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தொண்டை மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு வாரத்துக்கு மூன்று முறை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷினோடு அவரைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். வாய் சும்மா இருக்குமா? அங்கிருந்தபடியே மச்சினிக்குப் போன் போடுவார்.

“என்ன, ஆத்துல தண்ணி இருக்கா? ரைட் குடுக்கலாமா?”

“இருக்கு மாமா. ரைட்.”

திரையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்லிவிடுவாள். அவரும் பதிலுக்காகக் கேட்பதில்லை. அது அவர்கள் இருவருக்குமான விளையாட்டு. அப்புறம் வழக்கமான புலம்பலை ஆரம்பிப்பார்: குடிக்க அவருக்கு ஒரு நாளைக்கு ஒரு டம்ளர்தான், அதிலும் பெரியவள் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறாள், அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது, இந்த மெஷினோ ஒரு தடவைக்குப் பீப்பாய் பீப்பாயாகக் குடிக்கிறது, தாகம் இவருக்கு, தண்ணீர் அதற்கு. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் சிரிப்பது போனில் கேட்கும்.

சின்னவளின் வேலையே அந்த ஆற்றைக் கண்காணிப்பதுதான். கரையில் நின்று அல்ல. ஆற்றிலிருந்து அரை நாள் பயணத் தொலைவில், ஏசி எந்நேரமும் முனகிக்கொண்டிருக்கும் ஓர் அறையில். செயற்கைக்கோள்கள் சில நாட்களுக்கு ஒருமுறை ஆற்றின் மேலாகக் கடந்து போகும். ஒன்று நீர்மட்டத்தின் உயரத்தை அளக்கும். இன்னொன்று எங்கே ஈரம், எங்கே வெறும் மணல் என்று படம் எடுக்கும். கீழே பாலத் தூண்களில் பொருத்திய கருவிகள் மணிக்கொரு தரம் தண்ணீரின் ஆழத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். வானத்திலிருந்து வருவதையும் தரையிலிருந்து வருவதையும் சேர்த்துப் பார்த்து, வெள்ளமா வறட்சியா என்று சொல்லும் கணினி நிரலை எழுதியவள் அவள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல நிரல்தான். ஒரு பெருவெள்ளத்தை முன்கூட்டியே சொல்லி, ஆற்றோரத்து ஊர்களை எல்லாம் மேட்டுக்கு அனுப்பி வைத்தது. அதற்குக் கிடைத்த கேடயம் அலமாரிமேல் தூசு பிடித்துக் கிடக்கிறது.

வானம் ஒன்று சொல்லி, தரை வேறொன்று சொன்னால் எதை நம்புவது? மேகத்தின் நிழலும் ஈர மணலின் பளபளப்பும் செயற்கைக்கோளை ஏமாற்றிவிடும். தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் கருவியை ஏமாற்ற முடியாது என்பது பிரிவுத் தலைவரின் கட்சி. சின்னவளின் கட்சியும் அதுவே. அதனால் நிரலில் அவள் இரண்டு விதிகள் வைத்தாள். தரைக் கருவியோடு ரொம்பவும் ஒத்துப்போகாத செயற்கைக்கோள் அளவைப் பிழை என்று ஒதுக்கிவிட வேண்டும். எந்தக் கருவி நாள் தவறாமல் அளவு அனுப்புகிறதோ, அதன் பேச்சுக்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேட்டைப் பார்த்து முதல் மார்க் கொடுப்பது மாதிரியான விதி அது. அப்போது யாருக்கும் அது உறைக்கவில்லை. கருவிகளைப் பராமரிக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கு அவளே ஒரு சுற்றறிக்கையும் அனுப்பினாள்: கருவி எந்நேரமும் தண்ணீருக்குள் இருக்க வேண்டும், காற்றில் காய்ந்தால் கெட்டுவிடும், ஒரு நாள்கூட அளவு விட்டுப்போகக் கூடாது. விட்டுப்போனால் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது கஷ்டம் என்று தலைவர் கடைசியில் ஒரு வரி சேர்த்தார். பெரிய பாலத்துக் கருவிதான் எப்போதும் முதலிடம். அந்தக் கருவியைப் பராமரிக்கும் பாலத்துக்காரரைச் சின்னவள் நேரில் பார்த்ததில்லை. ஆனால் மாதம் தவறாமல் அவருக்குப் பாராட்டுச் செய்தி அனுப்புவாள்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மற்ற ஆறுகள் எல்லாம், நிரல் வறட்சியை நிறத்தால் காட்டும் அலுவலகப் பலகையில் ஒவ்வொன்றாக மஞ்சளாகிச் சிவப்பாயின. இந்த ஆறு மட்டும் பச்சையாகவே நின்றது. மேலேயுள்ள அணையில் குடிநீருக்கென்று ஒதுக்கி வைத்த தண்ணீர் இருந்தது. பலகையில் ஒரு பகுதி சிவப்பானால்தான் அந்தப் பகுதிக்கு மதகைத் திறப்பார்கள்.

பெரியவளின் ஊர் பாலத்தைத் தாண்டி, ஆற்றின் கீழ்ப்போக்கில் இருந்தது. முதலில் குழாயில் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தது. பிறகு காற்று மட்டும் வந்தது. ஆஸ்பத்திரிக்கு லாரியில் கொண்டுவந்த தண்ணீர் உப்பாக இருந்ததால் மெஷினின் வடிகட்டி அதை ஏற்கவில்லை. மூன்று முறையாக இருந்த டயாலிசிஸை இரண்டு முறையாக்கினார்கள். வேறு நகரத்து ஆஸ்பத்திரியில் ஓர் இடம் காலியாகியிருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். உடனே வந்தால் தருவார்களாம். போவதா இருப்பதா என்று பெரியவள் தங்கையிடம் கேட்டாள். கேட்பதற்கு இவளைவிட்டால் வேறு யார்?

சின்னவள் அன்று பலகையைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள்.

“பாலத்துல தண்ணி குறையவே இல்லக்கா. ஆத்துல உங்க ஊருக்குத் தண்ணி எடுக்கிற கிணத்துல மணல் அடைச்சிருக்கும். ரெண்டு நாள்ல சரி பண்ணிடுவாங்க. இந்த வெயில்ல மாமாவை எதுக்கு அலைய விடுற?”

பெரியவள் சரி என்றாள். அந்த இடம் வேறொருவருக்குப் போயிற்று. தங்கச்சி அங்கேயே வேலை பார்க்கிறாள், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வார்டில் இருந்த மற்றவர்களுக்கும் பெரியவள் சொல்லியிருக்கிறாள். அவர்களில் சிலரும் போகாமல் இருந்துவிட்டார்கள்.

கிணற்றில் மணலும் அடைக்கவில்லை, ஒன்றும் சரியாகவும் இல்லை. அடுத்த வாரம் மாமாவிடமிருந்து போன் வந்தபோது பின்னால் மெஷினின் சத்தம் கேட்கவில்லை. வீட்டிலிருந்து பேசினார்.

“இன்னிக்கு எனக்கு லீவு குடுத்துட்டாங்க. வாரத்துக்கு ஒரு ட்ரிப்தானாம் இனிமே.” இடையில் மூச்சு வாங்கினார். “கால் வீங்கிப்போச்சு. செருப்பு நுழையல. சரி, அதை விடு. ஆத்துல தண்ணி இருக்கா? ரைட் குடுக்கலாமா?”

பழக்கதோஷத்தில் வாய் “ரைட் மாமா” என்று சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகு அந்த வார்த்தை அவளுக்கே கசந்தது. பேச்சுக்கு நடுவில் அவர் மூச்சு வாங்கி அவள் கேட்டதே இல்லை. பஸ் கூட்டத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எட்டும் குரல் அது. அவள் பாலத்துக் கருவியின் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, எத்தனையோ மாதங்களில் முதல் தடவையாக அதை நிதானமாகப் பார்த்தாள்.

கோடு தட்டையாக ஓடியது. இடையிடையே கொஞ்சம் ஏறியும் இருந்தது. மழை இல்லை, அணை மூடியிருக்கிறது, கொளுத்துகிற கோடையில் ஆறு எப்படி ஏறும்? இதைக் கேட்க நிரல் எழுதியிருக்க வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளை கேட்டிருக்கும். நிரல் பிழை என்று ஒதுக்கிவைத்த செயற்கைக்கோள் படங்களைத் தேடி எடுத்தாள். ஒன்று விடாமல் எல்லாம் இந்த ஆற்றுப் பகுதியுடையவை. கருநீலக் கோடாகத் தெரிய வேண்டிய ஆறு, படத்துக்குப் படம் மெலிந்து, கடைசியில் இல்லாமலே போயிருந்தது. கரையிலிருந்து கரைவரை வெளுத்த மணல். பாலத்தின் அடியில் மட்டும் ஊசிமுனை அளவுக்கு ஒரு கறுப்பு.

உடனே அக்காளைக் கூப்பிடப் போனை எடுத்தாள். எடுத்தவள் வைத்துவிட்டாள். படத்தை மட்டும் வைத்து எதையும் அடித்துச் சொல்லக் கூடாது, தரையில் சரிபார்த்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலில் ஊறிப்போன பழக்கம். ஒரு தடவை தப்பாகச் சொல்லியாகிவிட்டது, மறுபடியும் தப்பாகச் சொன்னால்? காலையில் பாலத்துக்கே போய்ப் பார்த்துவிட்டுச் சொல்வோம் என்று நினைத்தாள். அன்று அது நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் அவள் பாலத்தை எட்டும்போது வெயில் ஏறிவிட்டது. பாலத்துக்காரர் தன் மொபெட்டோடு காத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், தோளில் ஈரத்துண்டு. அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை என்பதால் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார். மேலிருந்து பார்க்கும்போதே சின்னவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஆறு இருந்த இடத்தில் மணல் இருந்தது. நடுவில் இரண்டு நாய்கள் சாவகாசமாகக் கடந்து போய்க்கொண்டிருந்தன.

அவர் அவளைப் படியிறக்கிக் கூட்டிப்போனார். நடுத் தூணைச் சுற்றி ஆளிறங்கும் அளவுக்கு ஒரு குழி. சரியாமல் இருக்கச் சுற்றிலும் மணல் மூட்டை. அடியில் ஊற்றுத் தண்ணீர் கலங்கித் தேங்கி நின்றது. அதற்குள் கருவியின் குழாய் முழுகியிருந்தது. தூண் ஓரத்தில் விரல் நீளத்தில் சில மீன்கள்கூட இருந்தன. ஆற்றில் மிச்சம் இருந்த மீன் அவ்வளவுதான்.

“ஒரு நாள் கூட காய விடல மேடம்” என்றார் அவர்.

குழி எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்டாள். ஓட்டம் நின்றதிலிருந்தே தோண்டுவதாகச் சொன்னார். ஊற்று இறங்க இறங்க இவரும் ஆழப்படுத்திக்கொண்டே வந்திருக்கிறார். போன மாதம் கூலி ஆள் கிடைக்காமல் மனைவியையும் கூட்டிவந்து தோண்டியிருக்கிறார். வரைபடத்தில் கோடு ஏறியதெல்லாம் அந்த நாட்கள்தான்.

“ஆறு நின்னுபோச்சுன்னு ஏங்க ஒரு வார்த்தை சொல்லல?”

அவர் முகத்தில் கள்ளம் இல்லை. “நீங்க ஆழம்தானே மேடம் கேட்டீங்க? ஆறு ஓடுதான்னு யாரும் கேக்கலியே. அதான் மேலேர்ந்து சாட்டிலைட் பாக்குதேன்னு நினைச்சேன்.”

இவர் வானம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்திருக்கிறார். வானம் பார்த்ததை எல்லாம், இவரை நம்பி, அவள் ஒதுக்கித் தள்ளியிருக்கிறாள். அவளுடைய கண் கலங்குவதைக் கண்டதும் மனிதர் பதறிப்போனார். தன்மேல் ஏதாவது தப்பா, ஒப்பந்தத்துக்கு ஏதும் வந்துவிடுமா என்று மெதுவாகக் கேட்டார். தப்பு முழுவதும் தன்னுடையது என்று அவள் சொன்னதை அவர் நம்பின மாதிரித் தெரியவில்லை. பெரிய இடத்தில் இருப்பவர்கள் அப்படிச் சொல்லிவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்வதை அவர் பார்த்திருப்பார்.

“கருவியை வெளிய எடுங்க” என்றாள்.

“காத்துல விட்டா கெட்டுடும் மேடம்.”

“கெட்டா கெடட்டும். எடுங்க.”

அவர் குழிக்குள் இறங்கிக் குழாயைக் கழற்றினார். தூக்கியெடுத்ததும் தோளிலிருந்த ஈரத்துண்டால் அதைச் சுற்றினார். அவரால் அதைச் சும்மா விட முடியவில்லை. சின்னவள் தடுக்கவில்லை.

அந்த மணலிலேயே நின்று பிரிவுத் தலைவருக்குப் போன் செய்தாள். கருவியை எடுத்தது மட்டும் போதாது. அளவு திடீரென்று விழுந்தால் அதையும் கோளாறு என்று எண்ணி, நிரல் பழைய அளவையே பிடித்துக்கொண்டிருக்கும். அதையும் எழுதியவள் அவள்தான். இந்தப் பாலத்து அளவு நிலையத்தை நிரலிலிருந்து கையாலேயே நீக்கிவிடும்படி சொன்னாள். இருப்பதிலேயே நல்ல நிலையத்தையா என்று தலைவர் திகைத்தார். அவள் குழியைப் படமெடுத்து அனுப்பினாள். அவர் படத்தைப் பார்த்தார். பிறகு நீக்கிவிடுவதாகவும் அணைக்குத் தானே பேசுவதாகவும் சொன்னார். சொன்னபடியே செய்தார், அன்று சாயங்காலம் பலகையில் அந்தப் பகுதி சிவப்பாயிற்று. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் அக்காளைக் கூப்பிட்டாள்.

“அக்கா, ஆத்துல தண்ணி இல்ல. நான் சொன்னது தப்பு. தண்ணி வந்து சேர நாளாகும். காத்திருக்காதே, மாமாவைக் கூட்டிட்டு இப்பவே கிளம்பு.”

“காலையிலேர்ந்து அவருக்குத் தெளிவே இல்லடி” என்றாள் பெரியவள். “கூப்பிட்டா உம்முங்கிறார். ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன்.” வேறொன்றும் பேசாமல் வைத்துவிட்டாள்.

மாமா அந்த நகரத்தை எட்டவில்லை. பாதி வழியில், ஒரு ரயில்வே கேட் மூடியிருந்த இடத்தில், அவர் இதயம் நின்றுபோயிற்று. கேட் திறந்த பிறகு ஆம்புலன்ஸ்காரர் வண்டியைத் திருப்பினார். வாழ்நாளெல்லாம் அடுத்தவருக்கு இடம் பிடித்துக் கொடுத்த மனிதர், தனக்கு ஓர் இடம் கிடைக்காமல் போய்ச் சேர்ந்தார்.

அணையைத் திறந்துவிட்டார்கள். ஆனால் காய்ந்த மணல் முதலில் தன் பங்கைக் குடிக்காமல் ஒரு சொட்டும் கீழே விடாது. தண்ணீர் பாலத்தைத் தொட்ட சேதியைப் பாலத்துக்காரர்தான் போனில் சொன்னார். குழி இருந்த இடமே தெரியவில்லை, மூட்டைகள் அடித்துக்கொண்டு போய்விட்டன, கருவியைத் திரும்ப மாட்டட்டுமா என்று கேட்டார். மாட்டச் சொன்னாள். இனிமேல் தோண்ட வேண்டாம், காய்ந்தால் காய்ந்துவிட்டது என்று சொன்னால் போதும், அதற்காக யாரும் அவரை ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றாள். அப்போது அவள் அக்காள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே, தூரத்து உறவுகளுக்காக இரண்டு நாள் வைத்திருந்த மாமாவைக் கொண்டுபோக ஆட்கள் வந்திருந்தார்கள்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், வீட்டில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். கூடத்தில் அவர் நாற்காலி, அதன் கீழே நுழையாமல் போன செருப்பு. யாரும் எதையும் இன்னும் நகர்த்தவில்லை. பெரியவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் அழுது முடித்திருந்தாள். சின்னவளால் அழவும் முடியவில்லை. அழுதால் அக்காள் தேற்ற வருவாள். அதைத் தாங்க முடியாது என்று பயந்தாள்.

சமையலறையில் ஏதோ இருமுகிற மாதிரிச் சத்தம் கேட்டது. குழாய். எப்போது தண்ணீர் வந்தாலும் பிடித்துவிட வேண்டும் என்று வாரக்கணக்கில் திறந்தே வைத்திருந்தார்கள். காற்றைக் கக்கி, செந்தண்ணீரைத் துப்பி, பிறகு வாளியில் தண்ணீர் விழத் தொடங்கியது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. வாளி நிறைந்து தரையில் வழிகிற சத்தம் வந்தது.

“உனக்கு எப்பத் தெரிஞ்சுது?” என்று பெரியவள் கேட்டாள்.

சின்னவளுக்கு என்ன கேட்கிறாள் என்று புரிந்தது. அவர் இறந்த அன்று, பாலத்தில்தான் என்று சொல்லிவிடலாம். முந்தின நாள் சாயங்காலத்தைப் பற்றி அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

“முந்தின நாளே படத்துல பாத்தேன்கா. பாலத்துக்குப் போய்ப் பாத்துட்டுச் சொல்லலாம்னு இருந்துட்டேன்.”

“முந்தின நாள் அவரு பேசிக்கிட்டுதான் இருந்தாரு” என்றாள் பெரியவள். குரலில் கோபம் இல்லை. தனக்குத்தானே கணக்குப் பார்க்கிற மாதிரி இருந்தது. “நைட்டு கூட ரைட் சொன்னாரு, விளக்கை அணைக்கச் சொல்லி.”

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாயை மூடவில்லை, தண்ணீர் தெளிகிறவரை அதன் முன்னால் நின்றாள். பிறகு அலமாரியிலிருந்து சிவப்புக் கோடு போட்ட டம்ளரை எடுத்துக் குழாயடியில் பிடித்தாள். தண்ணீர் கோட்டைத் தாண்டி விளிம்புவரை ஏறியது. குழாயை மூடிவிட்டு, சிந்தாமல் கொண்டுவந்து தங்கையிடம் நீட்டினாள்.

“காலையிலேர்ந்து நீ ஒண்ணுமே குடிக்கல” என்றாள்.

சின்னவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். பெரியவள் அவளைப் பார்க்காமல், அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு டம்ளரை வாங்கிப்போய்க் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.